பழகிய நிலமும் பழைய நண்பரும்

மனிதன் தான் வாழ்ந்த மண்ணை விட்டு நீங்கலாம். அம்மண் அவனை விட்டு நீங்குவதில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அரபு நாட்டின் வளத்தைப் புனையப் புகுந்தபோது, தமிழகத்தின் ஆற்றுப்பெருக்கையும் நெல்வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். தாம் காணாத நிலத்தைத் தாம் கண்ட நிலத்தின் வழியாகவே அவர் உள்ளம் கண்டது. பழகிய நிலம் ஒருவருக்குக் கண்ணாகவே ஆகிவிடுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய நிலத்திற்கும், அந்நிலத்தில் நம்மோடு வளர்ந்த நண்பர்க்கும் நாம் ஆற்றவேண்டிய கடன் யாது? இவ்வினாவை இன்று எழுப்பக் காரணம் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து, இங்கேயே பயின்று, பணியின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றோர் பலர். அவர்கள் ஊர் திரும்பும் நாள்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று திருமண நாள்; மற்றொன்று இறப்பு நாள். இடைப்பட்ட காலமெல்லாம் கைப்பேசித் திரையில் காலை வணக்கமும், பெருநாள் வாழ்த்தும், பொங்கல் வாழ்த்தும் போய் வருகின்றன. நட்பு நலமாக இருப்பதாக இருதரப்பாரும் நம்பிக்கொள்கின்றனர். பழகிய மண்ணையும் மனிதரையும் நேரிற்சென்று மீண்டும் காணுதல் விடுமுறைப் பொழுதுபோக்கன்று. அஃது ஓர் அறக்கடன் என்பதே நம் கருத்து.

பழைமை என்னும் சொல்

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு அமையவில்லை. 79ஆம் அதிகாரம் நட்பு. 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். 81ஆம் அதிகாரம் பழைமை. பழைமை என்றவுடன் நம் மாணவர் பலர் தொன்மை என்று பொருள் எழுதிவிடுகின்றனர். அவ்வதிகாரத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. நெடுநாள் பழகிய நண்பர், நம்மைக் கேளாமலே, உரிமை பற்றி ஒன்றைச் செய்துவிடின், அதனை வெறாது ஏற்றுக்கொள்ளும் பண்பே அங்குப் பழைமை எனப்படுகிறது. அதே வள்ளுவர், நட்பு அதிகாரத்தில், கூடிச் சிரிப்பதற்கு மட்டும் நட்பு அன்று, நண்பர் நெறி கடக்குமிடத்து முற்பட்டு இடித்துரைப்பதற்கும் உரியது என்றும் அறிவுறுத்துகிறார்.

இவ்விரண்டும் சேர்ந்ததே முழு நட்பு. கேளாமல் நேர்ந்த மாற்றத்தைப் பொறுக்க வேண்டும். தீங்கு கண்டவிடத்து வாய்திறக்க வேண்டும். இவ்விரு அளவுகோல்களையும் நண்பர்க்கு மட்டுமன்றி நிலத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். நாம் ஊரை விட்டுப் போன பின்பு நம் நிலம் நம்மைக் கேளாமலே மாறிவிட்டது. அம்மாற்றத்துள் பொறுக்கத்தக்கது எது, இடித்துரைக்கத்தக்கது எது என்பதை அறிய வேண்டுமானால், முதலில் அங்கே செல்ல வேண்டும்.

கேளாமல் மாறிய நிலம்

ஒரு காலத்தில் ஓசூர் முதல் காவிரிக்கரை மோகனூர் வரை ஒரே சேலம் மாவட்டமாக விளங்கிற்று. 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. பெயர் மாறியதைப் போலவே நிலத்தின் முகமும் மாறிற்று. கிழக்கே கொல்லிமலையும் வடக்கே சேர்வராயனும் நிற்க, இடையே விரிந்த செம்மண் மேட்டாங்காடுகளில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளைந்தன. காட்டுக்குக் காடு கிளுவை வேலி, இரு வேலிகளுக்கு நடுவே வண்டித்தடமாக இட்டேரி, காட்டு நடுவில் ஒரு சாளை, அதனருகே மாடுகளுக்குக் கட்டுத்தாரை, வரப்போரம் பனை. இதுவே இப்பகுதியின் பழைய ஓவியம்.

இவ்வோவியத்தின் நடுவில் இருந்தது கிணறு. மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தும், அந்நீரின் பெரும்பகுதி கீழே தஞ்சைச் சமவெளிக்கே உரியது. இங்குள்ள மேட்டுநிலத்து உழவர்க்குத் துணை கிணறு ஒன்றே. நீர்மட்டம் கீழே போகப் போக மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்தவர் மின்மோட்டாருக்கு மாறினர். பின்னர் ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினர். வானம் பொய்த்த 2016-17ஆம் ஆண்டுகளில் தமிழகத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டமை நாம் அறிந்ததே.

நீர் குறைந்த மண்ணில் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சவ்வரிசியும் மாவும் வருவது தடைப்பட, சேலத்தார் குச்சிக்கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யக் கற்றனர். அத்தொழில் வளர்ந்து, 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு நிறுவனம் தோன்றிற்று; 2023இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்று நிலத்தைத் துளைக்கின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓசை நிறைந்தது. 1989இல் தமிழக அரசு சத்துணவில் முட்டை சேர்த்தது. இன்று நாமக்கல் முட்டை பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்கும் செல்கிறது, கடல் கடந்தும் செல்கிறது.

நீண்ட நாள் கழித்து வருவோர் இவற்றைக் கண்டு பெருமூச்சு விடுகின்றனர். இட்டேரி எங்கே, பனை எங்கே, கம்பங்கூழ் எங்கே என்று வினவுகின்றனர். வினவுவோர் உண்பதோ நகரத்துச் சோறு. நம் பள்ளித் தோழர் ஒருவரின் தந்தையார், எண்பது வயதைக் கடந்த உழவர், வறண்ட கிணற்றுமேட்டில் நின்று நம்மிடம் கூறினார்: "கவலை போச்சு சாமி. ஆனாக் கவலை போவுல." நீர் இறைக்கும் கவலை போயிற்று, மனக்கவலை போகவில்லை என்னும் அச்சிலேடையை எந்தத் தமிழ்த்துறையும் அவர்க்குக் கற்பிக்கவில்லை. அவர்தம் மகன் இன்று முட்டைக்கோழிப் பண்ணை வைத்துள்ளார். சோளக்காடு இருந்தவிடத்தில் கோழிக்கொட்டகை நிற்பதைக் கண்டு வருந்த நமக்கு என்ன உரிமை உண்டு? சோளம் அவர்களைக் காக்கவில்லை, கொட்டகை காத்தது. இஃது அவர்கள் நம்மைக் கேளாமல், வாழ்தற்பொருட்டுச் செய்த மாற்றம். இதனைப் பொறுத்து ஏற்பதே பழைமை.

இம்மாற்றத்தின் வலியை உள்ளிருந்து எழுதியவரும் இம்மண்ணினரே. திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன், 1991இல் வெளிவந்த 'ஏறுவெயில்' புதினத்தில், குடியிருப்பு மனைகளுக்காக நிலம் இழந்த உழவர் குடும்பம் ஒன்றின் சிதைவைக் காட்டினார். வெளியே நின்று ஏங்குவதற்கும் உள்ளே நின்று அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அந்நூலில் காணலாம்.

நீருக்கடியில் ஊர்

திரும்பிச் சென்று காண்பதற்கு நிலமே இல்லாமற்போனவர்களும் இம்மாவட்டத்தில் உண்டு. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணைக்காக ஊர்கள் பல காலி செய்யப்பட்டன. வீடும் வயலும் வழிபாட்டிடங்களும் நீருக்குள் போயின. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது வெகுவாகத் தாழும் கோடைகளில், பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோயில் நந்தியின் தலையும், பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் நீர்ப்பரப்பின் மேல் எழுகின்றன. செய்தி பரவியவுடன் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று காண்கின்றனர். அவ்வூர்களில் வாழ்ந்தோரின் பெயரரும் அவர்தம் மக்களும் அங்குச் சென்று, தாத்தாவின் ஊர் இங்கேதான் இருந்தது என்று விரல் நீட்டுகின்றனர்.

ஈண்டு ஒன்று எண்ணத்தக்கது. நீர் இறங்கினால்தான் அவ்வூரைக் காண இயலும் என்பது அவர்கள் நிலை. நாமோ பேருந்து ஏறினால் அரை நாளில் காணத்தக்க ஊர்களைக் காணாதிருக்கிறோம். நம் ஊர்களை மூடியிருப்பது நீரன்று, நம் நேரமின்மையே. அதுவும் பலவேளைகளில் நாமே கற்பித்துக்கொண்ட நேரமின்மை.

இத்தகைய நாட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வட ஐரோப்பாவின் சுவீடன் நாட்டிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1930 வரையில், வறுமையின் காரணமாகப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் குடியேறினர். கிராமங்கள் வெறிச்சோடின. அந்நாட்டார் பிறந்து வளர்ந்த வட்டாரத்தை 'ஹெம்பிக்ட்' என்னும் சொல்லால் குறிக்கின்றனர். வட்டாரந்தோறும் அதனைப் பேணும் சங்கங்கள் அமைந்து, 1916இல் அவற்றுக்கு நாடு தழுவிய கூட்டமைப்பும் உண்டாயிற்று. அச்சங்கத்தார் பழைய வீட்டைச் செப்பனிடுகின்றனர். ஊர் வரலாற்றை எழுதுகின்றனர். கோடையில் ஊர் திரும்புவோரை வரவேற்று அளவளாவுகின்றனர். அதே நாட்டில், 1891இல், தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் நிறுவப்பட்டு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வீடுகள் பெயர்த்துக் கொணரப்பட்டன. அவ்வீடுகள் அழியாது நிற்கின்றன. ஆயினும் அவற்றில் குடியிருப்போர் இல்லை. இவ்விரு முயற்சிகளும் போற்றத்தக்கனவே. நமக்கு முதலில் வேண்டுவது வீட்டைப் பெயர்த்துக் காக்கும் முயற்சியன்று. ஊருக்குச் சென்று மனிதரோடு அமரும் முயற்சி.

இடித்துரைக்க வேண்டியவை

மாற்றம் அனைத்தையும் பொறுத்தல் பழைமை ஆகாது. சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றிச் சேலம் நகரின் ஊடே பாய்ந்து, நாமக்கல் மாவட்டம் கடந்து காவிரியில் கலப்பது திருமணிமுத்தாறு. பெயரிலேயே மணியும் முத்தும் கொண்ட இவ்வாறு, நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து செல்வதை நாம் அனைவரும் காண்கிறோம். பிழைப்புக்காகச் செய்யப்பட்ட மாற்றம் என்று இதனைக் கூறித் தப்ப இயலாது. மேலே வாழ்வோர் தம் அழுக்கைக் கீழே வாழ்வோர் கிணற்றில் இறக்கும் செயல் இது. ஆற்றோரத்து ஊர்களில் நண்பர் வீட்டில் ஓர் இரவு தங்கியவர்க்கு அந்நீரின் நாற்றமும் நுரையும் தெரியும். வாழ்த்துச் செய்தி மட்டும் அனுப்புவோர்க்குத் தெரியாது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. பள்ளிபாளையம் பகுதியில் கடன் சுமையில் தவித்த விசைத்தறித் தொழிலாளரை இடைத்தரகர்கள் அணுகி, பணம் காட்டிச் சிறுநீரகத்தை விற்கச் செய்ததாக 2025இல் குற்றச்சாட்டு எழுந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. நாடே அதிர்ந்தது. ஒரு மனிதன் தன் உடலின் உறுப்பையே விலை பேசும் அளவுக்குக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, அவன் நிலையை முதலில் அறிந்திருக்க வேண்டியவர் யார்? இடைத்தரகர் அறிந்திருந்தார், வட்டிக்காரர் அறிந்திருந்தார். அவனோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

வறுமை தொலைபேசியில் பேசாது. குமாரபாளையத்தில் தறி வைத்திருந்த நம் நண்பர் ஒருவர், எப்போது அழைத்தாலும் "நல்லாத்தான் இருக்கறோம் பாய்" என்றே கூறுவார். விசேடம் ஏதுமில்லாத ஒரு புதன்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றோம். தெருவில் நுழையும்போதே காதைத் துளைக்கும் தறியோசை அவர் வீட்டு வாசலில் இல்லை. நான்கு தறிகளுள் இரண்டை எடைக்குப் போட்டுவிட்டார்; மற்ற இரண்டும் பாவு இல்லாமல் நின்றன. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் கூறவில்லை. அவர் தாயார் சோறு போட்டுக்கொண்டே, "இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா சாமி?" என்றார். உணவு முடிந்து தறிமேட்டில் அமர்ந்த பின்னரே அவர் வாய் திறந்தார். மகளின் கல்லூரிக் கட்டணம் அவ்வாரமே கட்டவேண்டியிருந்தது. பழைய தோழர் ஐவர் சேர்ந்து அதனைக் கட்டினோம். பெரிய தொகையன்று, ஆனால் அந்தப் புதன்கிழமை அங்குச் செல்லாதிருந்தால் அப்பெண்ணின் படிப்பு நின்றிருக்கும். செய்த உதவியைச் சொல்லிக் காட்ட இதனை எழுதவில்லை. நேரிற்செல்வதன் பயன் எத்தகையது என்பதற்கு நாம் அறிந்த சான்று இது என்பதனாலேயே எழுதுகிறோம்.

பிசிராந்தையார் வந்தார்

உணர்ச்சி ஒத்தால் போதும், நேரில் காணவேண்டுவதில்லை என்பார் உளர். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் அவர்கள் சான்று காட்டுவர். ஒருவரையொருவர் காணாமலே அவர்கள் நட்புக் கொண்டமை உண்மையே. ஆயின் அவ்வரலாற்றின் முடிவை இவர்கள் மறந்துவிடுகின்றனர். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் பாண்டிநாட்டிலிருந்து புறப்பட்டு வந்தார். வருவார் என்று சோழன் நம்பினான். இடமும் ஒதுக்கச் சொன்னான். காணா நட்பின் பெருமை முழுமை பெற்றது அவர் நடந்து வந்ததனால் அன்றோ?

நம் சமயமும் இதனையே வற்புறுத்துகிறது. உறவைத் துண்டியாது பேணலும், நோயுற்றோரை நேரிற்சென்று நலம் வினவலும், அண்டை வீட்டார் நிலை அறிதலும் முஸ்லிம்களின் கடமைகளாகக் கூறப்பட்டுள்ளன. அண்டை வீட்டார் எம்மதத்தினர் என்ற வினா அங்கு இல்லை.

இதனைச் சமுதாயப் பெரியோர் கவனத்திற்குச் சிறப்பாகக் கொணர விரும்புகிறோம். சங்ககிரி மலைக்கோட்டையில் பெருமாள் கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. நாமக்கல் மலைக்கோட்டையும் அவ்வாறே. ஒரே மலையில் ஒன்றாக ஏறி, வேறுவேறு இடங்களில் வணங்கி, ஒன்றாக இறங்கி, அடிவாரக் கடையில் ஒரே தேநீரைப் பகிர்ந்த தோழமை நம் தலைமுறைக்கு இயல்பாக வாய்த்தது. தனித்தனிப் பள்ளி, தனித்தனிக் குடியிருப்பு, தனித்தனிக் கைப்பேசிக் குழு என்று பிரிந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அது தானாக வாய்க்காது. நாம் பழைய நண்பர் வீட்டுக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும். அடுத்த தலைமுறையின் நட்புக்கு அதுவே விதை. மேடையில் முழங்கும் நல்லிணக்க உரை நூறு கேட்பதைவிட, நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை அமர்தல் மிகுந்த பயன் தரும்.

செல்லும் முறை

செல்வதற்கும் முறை உண்டு. விசேட நாளில் செல்லாது, வெறும் நாளில் செல்க. விசேட நாளில் வீடு தன் குறையை மறைத்துக்கொள்ளும். வெறும் நாளில் உள்ளவாறு இருக்கும். ஓர் இரவேனும் தங்குக. உண்மையான பேச்சு இரவு உணவுக்குப் பின்னரே தொடங்குகிறது. வண்டியில் சுற்றிக் காணாது நடந்து காண்க. அந்தக் காலம் போல் இல்லையே என்னும் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு போகாதீர். இருந்தவர் உழைப்பை அது இழிவுபடுத்தும். எங்களுக்குத் தெரியாமல் இங்கு என்னவெல்லாம் நடந்தன என்று கேளுங்கள். பின் பேசாது கேட்டுக்கொண்டிருங்கள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் தனிக்கடமையும் உண்டு. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்தது. அஃது ஒரு தொடக்கம். தறிக்காரர் வாயிலுள்ள பாவு, ஊடை, தார், நாடா, அச்சு முதலிய சொற்களும், உழவர் வாயிலுள்ள கிளுவை, இட்டேரி, சாளை, கட்டுத்தாரை முதலிய சொற்களும் அச்சொல்லை ஆள்வோரோடு மறைந்து வருகின்றன. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு காட்டுக்கும் ஊரில் பெயர் உண்டு. அப்பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. லாரிப் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் உழைக்கும் தந்தையின் தொழிலைச் சொல்ல நம் மாணவர் சிலர் வகுப்பில் கூசுகின்றனர். அத்தந்தையரிடமே நாம் இன்னும் எழுதிக்கொள்ளாத தமிழ் இருக்கிறது என்பதை அவர்கள் உணரவேண்டும்.

ஆகவே நம் துறைக்கும் முன்னாள் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொருவரும் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்று வரவேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஒரு நாள் நடந்து, அவர் கூறும் கிணற்றுப்பெயர், காட்டுப்பெயர், தொழிற்சொல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொணர வேண்டும். அக்குறிப்பேடுகள் துறை நூலகத்தில் சேரட்டும். பத்து ஆண்டுகளில் இச்சமவெளியின் சொல்வளம் நம் அலமாரியில் இருக்கும். அதனினும் மேலாக, இடர் வருமுன் ஒருவர் நிலையை ஒருவர் அறிந்த ஊர்கள் உருவாகும்.

கல்வி ஒருவனை ஊரிலிருந்து உயர்த்தலாம், ஊரிலிருந்து அறுத்துவிடலாகாது. நிலம் நம்மைக் கேளாமல் மாறியதை நாம் பொறுப்போம். நாம் கேளாமல் நீங்கிச் சென்றதை அதுவும் பொறுத்துக்கொண்டது. வருகின்ற விடுமுறையில் எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு பழைய நண்பரின் கதவைத் தட்டுங்கள். காரணமின்றி வந்தவரையே அவ்வீட்டார் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர்.